காகிதத்தில் இல்லாத படகு

கர்வினா நீதிமன்றம் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தது.
வீடு ஸ்டாஷாவுக்கு. கார் எனக்கு.
ஃப்ரீசரில் கிடந்த காட்டுப்பன்றி இறைச்சிகூட
கிலோக் கணக்கில், இருவர் பெயரிலும்.
கராஜில் இரண்டு முக்காலிகளின்மேல் கவிழ்ந்திருந்த
ஒன்றரை மீட்டர் படகைப் பற்றி
எந்த வழக்கறிஞரும் கேட்கவில்லை.
நாங்களும் சொல்லவில்லை.

ஞாயிறுதோறும் பத்து மணிக்கு வருகிறேன்.
மணி அடித்துவிட்டுத்தான் நுழைகிறேன்
என் பழைய கராஜுக்குள்.

கார்பன் துணியில் எபாக்சி தடவும்போது
பேச முடியாது, முகமூடி.
நல்லதுதான்.
நாற்பது நிமிடத்தில் இறுகிவிடும் பிசின்
யார் தப்பு என்று விசாரிக்க நேரம் தருவதில்லை.

அவளுக்கு பல் செட் செய்யும் கூடத்தில் வேலை.
கடைவாய்ப்பல்லுக்கு வடிவம் தரும் அதே அரைமுனையால்
ப்ரொப்பெல்லரின் விளிம்பைச் சீவுகிறாள்.
காந்தத் தாங்கியில் வைத்துச் சுண்டினால்
கனத்த இதழ் கீழே வந்து நிற்கும்.
இன்னும் ஒரு துளி தேய்ப்பாள், இன்னும் ஒரு துளி,
எந்த இதழும் கீழே வர மறுக்கும்வரை.

நான் சுரங்கத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
என் பங்குக்கு
வளையும் தண்டில் கிரீஸ் பூசி உள்ளே விட்டேன்,
குளிர்நீர்க் குழாய் இழுத்தேன்,
நீந்தத் தெரியாத பிள்ளைகள் கட்டிக்கொண்டு மிதக்கும்
நுரைக்குச்சிகளை
மூக்கறைக்குள் திணித்தேன்.

இரண்டு மோட்டார்.
ஒன்று வலமாகச் சுழன்றால் மற்றது இடமாகச் சுழல வேண்டும்.
இரண்டும் ஒரே பக்கம் சுழன்றால் படகு ஒருபுறமாக இழுக்கும்.
வாயைத் திறந்தேன்.
"உவமை கிவமை சொன்னால் வெளியே போ" என்றாள்.
ஒயர் மூன்றில் இரண்டை மாற்றிச் செருகினேன்.

நிறம் முடிவாகவில்லை. அவளுக்கு மஞ்சள், எனக்குச் சிவப்பு.
சாம்பல் பிரைமரோடு கிளம்பியது படகு.

நிலக்கரி எடுத்து எடுத்து
நிலம் அமிழ்ந்து உண்டான ஏரி.
அடியில் ஒரு தெருவும் ஒரு பீர்க்கடையும் இருப்பதாக
க்விடோ சொல்வான், கயாக்கில் உட்கார்ந்தபடி.
மீட்புப் பணி அவனுடையது.
ஒரு மீட்புக்கு ஒரு சாசேஜ், கடுகோடு.

பன்னிரண்டு செல்.
கடைசி இணைப்பைச் செருகும்போது ஒரு பொறி, சின்னதாக ஒரு 'டப்'.
முழங்கால் நனையத் தள்ளிவிட்டேன்.
பக்கவாட்டில் நூல்போல் நீர் பீய்ச்சியது.
குழாய் அடைக்கவில்லை, போ என்றேன்.

நூறு கிலோமீட்டர் வேகத்தில்
படகுக்கும் தண்ணீருக்கும் உள்ள சம்பந்தம்
ப்ரொப்பெல்லரில் பாதி மட்டும்.
மிச்சமெல்லாம் காற்று.
இரண்டாவது மிதவையைக் கடந்ததும்
மூக்கு ஒருமுறை யோசித்தது,
எழுந்தது,
சுரங்கக் கோபுரத்துக்கு நேராகத்
தன் சாம்பல் வயிற்றைக் காட்டி
மல்லாக்க விழுந்தது.

க்விடோ துடுப்பை எடுக்குமுன் கேட்டான்:
"கடுகு இருக்கா?"

மூடியைத் திறந்து தண்ணீரைச் சாய்த்தோம்.
பின்பலகையிலிருந்து அளந்தோம்.
எடைமையம் பின்தங்கியிருந்தது.
பேட்டரியை இரண்டு விரற்கடை முன்னே தள்ளச் சொன்னாள்.
ஒன்று போதும் என்றேன்.
பதினோரு வருடமும் இந்த அளவுக்குத்தான் சண்டை.
ஒன்றரையில் நிறுத்தி வெல்க்ரோ பட்டையை இறுக்கினோம்.
யார் ஜெயித்தது என்று இன்னும் தெரியாது.

அடுத்த ஓட்டத்தில் ரேடியோ அவள் கையில்.
திருப்பத்தில் கொஞ்சம் மூச்சு விட்டு
நேர்ப்பாதையில் முழுதாக அழுத்தினாள்.
நான் படகைப் பார்க்கவில்லை,
அவள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நூற்றுப் பதினேழு என்றது ஜிபிஎஸ்.
க்விடோவுக்கு வேலை இல்லை.
ஆனாலும் சாசேஜ் கொடுத்தோம்.

மாலையில் பேட்டரிகளை மண்சட்டியில் வைத்து
சார்ஜரில் பூட்டினாள்.
முழுக்க நிரப்பிப் போட்டுவைத்தால் உப்பிவிடும்.
வற்றவிட்டால் செத்துவிடும்.
செல்லுக்கு மூன்று புள்ளி எட்டு வோல்ட்,
அடுத்த ஞாயிறுவரை.
கார் சாவியைக் கையில் எடுத்திருந்தேன்.
"மூன்று புள்ளி ஏழு ஒன்பது" என்றாள் ஸ்டாஷா,
திரையிலிருந்து கண் எடுக்காமல்.
"இன்னும் கொஞ்சம் இரு."